இடப்பக்கம் ஓர் ஆள் இடம்

அந்த ஓட்டப் பந்தயத்தில் குறை கண்டுபிடித்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு வந்திருந்தாலும் யாராலும் முடிந்திருக்காது. வண்டி நிறுத்த இடம் இருந்தது. பை வைக்கும் கூடாரத்தில் எண் வாரியாக அலமாரி இருந்தது. கழிப்பறைகள் வரிசையாக நாற்பது. அத்தனையிலும் தண்ணீர், அத்தனைக்கும் தாழ்ப்பாள். விடிகாலை ஐந்தரைக்கு இப்படி ஒரு கழிப்பறையைப் பார்த்தால் ஓட்டக்காரர்களுக்குக் கண்ணே கலங்கிவிடும், தெரிந்தவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். போதாக்குறைக்கு, ஆறு மணி என்று போட்டிருந்தார்கள், ஆறு மணிக்கே தொடங்கப் போகிறார்கள். புலம்ப ஒன்றுமில்லாமல் நாலாயிரம் பேர் கொஞ்சம் ஏமாற்றத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

இத்தனை ஒழுங்குக்கு நடுவே ஒழுங்கில்லாமல் நின்றது ஒரே ஒரு ஆள். சின்னவள்.

வயது நாற்பத்தாறு. இரண்டு பெண்கள் உள்ள வீட்டில் இளையவளாகப் பிறந்ததால் சின்னவள். வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர் வேறு. அதைப் பிறகு சொல்கிறேன். கடைசிக் கூண்டில், மெதுவாக ஓடுபவர்களுக்கு என்று கயிறு கட்டி விட்ட இடத்தில், எல்லோரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்க, இவளுக்கு இடப்பக்கம் மட்டும் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு வெற்றிடம். மஞ்சள் சட்டை போட்ட பெண் ஒருத்தி கயிற்றுக்கு வெளியே இருந்து குரல் கொடுத்தாள்.

"மேடம், கொஞ்சம் இடப்பக்கம் தள்ளிக்குங்க. அங்க இடம் காலியாத்தானே இருக்கு?"

"ஆமாங்க" என்று நகர்ந்தாள். மஞ்சள் சட்டை அந்தப் பக்கம் திரும்பியதும் பழையபடி ஒரு எட்டு வலப்பக்கம் வந்து நின்றுகொண்டாள். வேண்டுமென்று செய்யவில்லை. உடம்புக்கு அப்படித்தான் நிற்கத் தெரியும். ஆறு வருஷமாக அவளுக்கு இடப்பக்கம் அவளுடைய அக்கா நின்றிருந்தாள்.

பெரியவள் ஐந்து வயது மூத்தவள். சீருடை தைக்கும் கம்பெனியில் மேற்பார்வை. அறுபது தையல் மெஷின் ஓடுகிற கூடத்தில் மைக் இல்லாமல் பேசிப் பேசி, "சைரன்" என்று பெயர் வாங்கியவள். அவளுக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்ன அன்றே, "தினம் நடக்கணுமாம். தனியா நடக்க எனக்கென்ன பைத்தியமா? நீயும் வா" என்று தங்கையைப் படுக்கையிலிருந்து இழுத்துக்கொண்டு போனாள். இவளுக்குச் சர்க்கரையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அக்கா கூப்பிட்டாள், போனாள். நடை ஓட்டமானது. ஓட்டம் ஐந்து கிலோமீட்டரானது, பத்தானது, பிறகு இருபத்தொன்றானது. ஞாயிற்றுக்கிழமை என்றால் இருவர் வீட்டிலும் காலையில் பெண்கள் கிடையாது என்று ஆகிவிட்டது. சின்னவளின் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். வாரம் முழுக்க மேலேயும் கீழேயும் போய் வருகிற மனுஷன், ஞாயிற்றுக்கிழமை படுத்தே கிடப்பதற்கு இதுவே நல்லதாய்ப் போயிற்று.

ஓடும்போது பேச்சு முழுக்க அக்காவுடையது. தையல் கூடத்துச் சண்டை, மகன் சம்பந்தமான கவலை, எதிரே வருகிறவர் போட்டிருக்கும் டவுசர், எல்லாம் வரும். தங்கையின் வேலை மூச்சு விடுவதும் "ம்" போடுவதும்தான். கிலோமீட்டர் பலகை வரும்போதெல்லாம் அக்கா திரும்பிப் பார்க்காமலே சொல்வாள்: "ஆமை, தோள இறக்கு." களைப்பு வந்தால் சின்னவளின் தோள் இரண்டும் காதுக்கு ஏறிவிடும். அவளுக்கே தெரியாது. அக்காவுக்குத் தெரியும்.

"எனக்கு அம்பது ஆகுற வருஷம் நாப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடுறோம். ரெண்டு பேரும். கைய கோத்துக்கிட்டு ஃபினிஷ் பண்றோம்" என்று அக்கா நாலு வருஷம் முன்னாடியே சொல்லி வைத்திருந்தாள். ஐம்பதும் வந்தது. கூடவே முட்டியும் வந்து சேர்ந்தது.

முட்டிக்குள் குருத்தெலும்பு கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும், அதற்குப் பிறகு நடக்கலாம், ஓடக் கூடாது என்றார் டாக்டர். எப்போது வரைக்கும் ஓடக் கூடாது என்று அக்கா கேட்டதற்கு, அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவிட்டு, "இனிமே ஓடவே கூடாதுங்கறேன்ம்மா" என்றார்.

ஆபரேஷன் நடந்தது சின்னவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில். அவள் வேலை, ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, எண்ணி, தட்டில் அடுக்கி, துணியில் இரண்டு சுற்றுச் சுற்றி, நீராவிப் பெட்டிக்குள் அனுப்புவது. பொட்டலத்தின் மேல் ஒரு டேப் ஒட்டுவார்கள். நீராவி சரியாக ஏறினால் அதிலுள்ள வெளுத்த கோடுகள் கறுப்பாகும். கட்டியவர் தன் கையெழுத்தை அந்த டேப்பிலேயே போட வேண்டும். உள்ளே ஒரு கத்தரி குறைந்தாலும் யாரைப் பிடிப்பது என்று தெரிய வேண்டுமே. இருபது வருஷமாக ஒன்று குறைந்ததில்லை. அதனால்தான் அங்கே எல்லோருக்கும் அவள் "பொட்டலம் அக்கா". தன் கூடப்பிறந்தவளின் முட்டிக்குப் போகிற தட்டையும் அவளே கட்டினாள். மூன்று தரம் எண்ணினாள். அவ்வளவு கவனம் உள்ளவள்தான், அதே வாரம் அப்படி ஒரு கவனக்குறைவைச் செய்தாள்.

முழு மாரத்தானுக்குப் பதிவு செய்யக் கடைசி நாள் அது. செய்தாள். ஏன் செய்தாள் என்று கேட்டால் அவளிடம் இரண்டு பதில் உண்டு. அக்காவால் முடியாததை அக்காவுக்காக நாம் ஓடுவோம் என்பது ஒன்று. அதை யாரிடமும் சொல்லலாம். இன்னொன்று, தனக்கே ஓட வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அதை அப்போது யாரிடமும் சொல்ல முடியவில்லை. பத்து நாள் போகட்டும், கட்டுப் பிரித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து பக்குவமாகச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டாள்.

போனிலேயே நிரப்புகிற பதிவுத் தாளில் ஒரு கட்டம் உண்டு. ஓடுகிறவரைப் பற்றித் தகவல் அனுப்ப வேண்டிய வீட்டாரின் போன் நம்பர். அக்காவும் தங்கையும் எப்போதும் அங்கே ஒருத்தி நம்பரை ஒருத்தி கொடுப்பார்கள். இதைவிடக் கூத்து கிடையாது. ஓடுவது பக்கத்துப் பக்கத்தில். போன் இரண்டும் ஒரே பையில், கூடாரத்தில். அங்கே அவை ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பிக்கொண்டு கிடக்கும். ஓட்டம் முடிந்து பையைத் திறந்ததும் அக்கா போனை எடுத்து உரக்கப் படிப்பாள்: "அடியே, நீ பத்து கிலோமீட்டர் தாண்டிட்டியாம்! எனக்குத் தகவல் வந்திருக்கு!" சுற்றி இருப்பவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள்.

அந்தப் பழைய நம்பர் தாளில் அப்படியே இருந்தது. முட்டியில் கட்டோடு படுத்திருந்த பெரியவளின் போனில் டிங் என்று ஒரு செய்தி வந்து விழுந்தது. "உங்கள் ஓட்டக்காரர் 42.2 கி.மீ. ஓட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறார். வாழ்த்துகள்!"

சின்னவள் மத்தியான இடைவேளையில் வார்டுக்குப் போனபோது அக்கா கத்தவில்லை. சைரன் கத்தாமல் இருந்தால் எவ்வளவு பயமாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. போனைத் திருப்பிக் காட்டிவிட்டு அக்கா சொன்னாள்: "நல்லா ஓடு. ஆனா இனிமே ஓட்டத்தைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை பேசாதே."

பிறகு அக்கா வேலையை விட்டாள். பஸ்ஸில் ஆறு மணி நேரம் தள்ளி இருக்கும் மகன் வீட்டோடு போய்விட்டாள். எட்டு மாதம் ஆகிறது. பேசாமல் இல்லை, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் உண்டு. "சாப்டியா?" "சாப்டேன். நீ?" "ஆச்சு." "முட்டி?" "இருக்கு." "வச்சிடவா?" "வை." அவ்வளவுதான். சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியிருந்தால்கூட சமாதானம் பண்ண ஒரு வழி இருந்திருக்கும். இது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த விருந்தாளியிடம் பேசுவது போல இருந்தது. ஒவ்வொரு போனுக்குப் பிறகும் சின்னவள் கொஞ்ச நேரம் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கணவர் பார்த்தும் பார்க்காதது போலத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பார்.

ஆனாலும் ஓடினாள். மாரத்தான் பதிவிலிருந்த நம்பரை அன்றைக்கே மாற்றிக் கணவர் நம்பரைப் போட்டாள். ஓட்டக் குழு ஒன்றில் சேர்ந்தாள். அதன் கோச் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. பாலிசி விற்கிற அதே குரலில் பயிற்சி சொல்லிக் கொடுப்பார். அவர் அச்சடித்துக் கொடுத்த தாள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. மாரத்தானுக்கு ஆறு வாரம் முன்னால் இந்த இருபத்தொரு கிலோமீட்டர் ஹாஃப் மாரத்தான். பக்கத்தில் அவர் கைப்பட எழுதியிருந்தார்: "இது ரேஸ் இல்லை. பயிற்சி. கிலோமீட்டருக்கு ஏழு நிமிஷம். ஏழு. ஏழு."

சரியாக ஆறு மணிக்கு ஓட்டம் தொடங்கியது. சின்னவள் கைக்கடிகாரத்தை அழுத்தினாள். ஏழு, ஏழு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனாள். இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு மேஜை. மேஜை வருவதற்கு நூறு அடி முன்னாலேயே "தண்ணீர்" என்று பலகை. டம்ளரைப் பாதி நிரப்பி நீட்டினார்கள், சட்டையில் கொட்டாமல் குடிக்க. அக்கா இருந்திருந்தால், "பார்த்தியாடி, பாதிதான் ஊத்தறாங்க. விவரமான ஜனங்கடி இவங்க" என்று அதற்கு ஒரு அரை கிலோமீட்டர் பேசியிருப்பாள். சின்னவளின் இடப்பக்கத்து வெற்றிடத்தில் யார் யாரோ புகுந்து முந்திக்கொண்டு போனார்கள்.

ஐந்தாவது கிலோமீட்டரில் சாலையின் குறுக்கே நீல நிறப் பாய் விரித்திருந்தது. மிதித்தால் சட்டையில் குத்திய எண் அட்டைக்குள் இருக்கும் சிப் நேரத்தைச் சொல்லிவிடும். முப்பத்தைந்து நிமிஷம், இரண்டு விநாடி. கோச் பார்த்தால் மெடல் குத்திவிடுவார். பாயைத் தாண்டியதும் பெரிய பலகை ஒன்று வரவேற்றது: "நீங்கள் 5 கி.மீ. கடந்த தகவல் இப்போது உங்கள் வீட்டாருக்குப் போய்விட்டது. சிரித்துக்கொண்டே ஓடுங்கள்!"

பத்தடி போனாள். பகீர் என்றது.

எந்த வீட்டாருக்கு? இந்த ஹாஃபுக்குப் பதிவு செய்தது எப்போது? வேலைக்கு நடுவில், கையுறையைக் கழற்றிய அரை நிமிஷத்தில். போன வருஷம் ஓடியவர்களுக்குத் தாள் ஏற்கெனவே நிரப்பியே வந்தது. அவ்வளவு வசதி. "விவரங்கள் சரி" என்று ஒரே ஒரு பொத்தான். அழுத்தினாள். பெயர் சரி, வயது சரி, சட்டை அளவு சரி. நம்பர்?

கத்தரியை மூன்று தரம் எண்ணுகிறவள், ஒரே பள்ளத்தில் இரண்டாம் தரம் விழுந்திருக்கிறாள். மாரத்தான்காரர்களைப் போல இவர்களும் பதிவு செய்ததற்கே செய்தி அனுப்புகிறவர்களாக இருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்றுதான் எழுத வேண்டும். ஆனால் கால் பாட்டுக்கு ஏழு நிமிஷ வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு வார்த்தை பேசாதே என்று சொன்னவளுக்கு, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக, "உங்கள் ஓட்டக்காரர் 5 கி.மீ. கடந்தார்." குத்திக் காட்டுவதாகத்தானே நினைப்பாள்? சாயங்கால போனும் இனி வராது. அந்த "சாப்டியா"வும் போயிற்று. வழியிலும் வைத்திருந்த அந்த அருமையான கழிப்பறைகளைக்கூடக் கவனிக்காமல் ஓடினாள்.

பத்தாவது கிலோமீட்டர் பாயைச் சுற்றிக்கொண்டு போய்விட்டால் என்ன என்று யோசித்தாள். ஏற்பாடு அப்படி, சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் பாய், இரண்டு பக்கமும் கம்பித் தடுப்பு. சுற்ற முடிந்தாலும்தான் என்ன? ஐந்துக்கு வந்த தகவல் பத்துக்கு வராவிட்டால் அக்கா சும்மா இருப்பாளா? மகன் வந்த பஸ் இருபது நிமிஷம் தாமதமானதற்கு டிப்போ, போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி மூன்றுக்கும் போன் போட்டவள். கோபமாக இருந்தாலும் பதறுவாள். அவளைக் கோபப்படுத்தலாம், பதற வைக்கக் கூடாது. சின்னவள் பாயை நன்றாக மிதித்துத் தாண்டினாள். ஒரு மணி பத்து நிமிஷம், ஐந்து விநாடி.

அந்தக் காலடியில்தான் அவளுக்கு வேறொன்று தோன்றியது. எட்டு மாதத்தில் அக்காவோடு ஓட்டத்தைப் பற்றிப் பேசியது இதுதான். ஐந்தில் ஒரு வார்த்தை, பத்தில் ஒரு வார்த்தை. பேச வேண்டும் என்று எத்தனை இருந்தது! முப்பது கிலோமீட்டர் தனியாக ஓடி முடித்த அன்று நடைபாதையில் உட்கார்ந்து அழுதது. கால் கட்டைவிரல் நகம் கழன்று விழுந்தது. ஓடும்போது இடப்பக்கம் திரும்பி "இல்லக்கா" என்று வாய்விட்டுச் சொல்லி, நாயோடு நடந்த ஒரு பெரியவர் திடுக்கிட்டு விலகியது. அக்கா வேண்டும். அவள் குரல் வேண்டும், அவள் டவுசர் ஆராய்ச்சி வேண்டும். இதையெல்லாம் சொல்லக் கையில் இருப்பது இன்னும் இரண்டு பாய்தான்.

சொல்வது எப்படி? நேரத்தால்தான் சொல்ல முடியும். அவள் கால் வேகம் எடுத்தது.

முன்னால் கோச் போய்க்கொண்டிருந்தார். இரண்டரை மணி நேரத்தில் முடிக்க விரும்புகிறவர்களை இழுத்துக்கொண்டு போகும் வேலை அன்றைக்கு அவருக்கு. முதுகில் "2:30" என்று கொடி. சின்னவள் அவரைத் தாண்டினாள்.

"மேடம்! மேடம்! எங்க போறீங்க? இது ரேஸ் இல்ல!" பின்னாலிருந்து குரல் தேய்ந்துகொண்டே வந்தது. "ஏழு! மேடம், ஏழு!"

ஆறேகால் நிமிஷத்தில் ஓடினாள். பார் அக்கா, பார் என்று ஓடினாள். சின்ன வயசில் சைக்கிளில் கையை விட்டுக் காட்டுவாளே, அந்தப் புத்தி. பதினைந்தாவது கிலோமீட்டரில் ஒரு மணி நாற்பத்தொரு நிமிஷம். கணக்குப்படி வர வேண்டியதற்கு நாலு நிமிஷம் முன்னால். பாயை மிதித்தபோது சிரித்துக்கொண்டேதான் மிதித்தாள், பலகை சொன்ன மாதிரியே.

பதினேழாவது கிலோமீட்டரில் வலது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. சும்மா பிடிக்கவில்லை, யாரோ உள்ளே கையை விட்டு முறுக்குகிற மாதிரி. சாலை ஓரத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். கோச் தன் கொடியோடும் கூட்டத்தோடும் ஏழு நிமிஷ வேகத்தில் வந்தார். நிற்க அவருக்கு அனுமதி இல்லை. "நான் சொன்னேனா இல்லியா?" என்று தலையில் அடித்துக்கொண்டே கடந்து போனார்.

இரண்டு நிமிஷத்தில் முதலுதவி மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இறங்கிய நர்ஸ் காலை நீட்டச் சொல்லி, பாதத்தை மடக்கிப் பிடித்து, மருந்து தெளித்தார்.

"எதுக்கும் வண்டியில ஏறிடுங்கம்மா. அடுத்தது ஏதாவது பெரிய ஓட்டம் இருக்கா?"

"ஆறு வாரத்துல மாரத்தான்."

"அப்ப இன்னிக்கு இதோட விடுங்க. இத்தனை மாசம் கஷ்டப்பட்டதெல்லாம் வீணாயிடும். வண்டி பின்னாடியே வருது, உங்க பை இருக்கிற இடத்துலயே இறக்கி விட்டுடுவாங்க."

நியாயமான பேச்சு. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவளுக்கு அது நியாயம் என்று தெரியாதா?

"வண்டி ஃபினிஷ்ல இருக்கிற பாய் மேல போகுமாங்க?"

"எந்தப் பாய்?"

"அந்த நீலப் பாய்."

"அது எப்படிப் போகும்? பின்பக்கமா சுத்திக்கிட்டுப் போகும்."

"அப்ப வேணாங்க" என்று கல்லைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "ஒருத்தங்க காத்துக்கிட்டு இருப்பாங்க."

நர்ஸ் மறுபடி ஒரு தரம் காலை அழுத்திப் பார்த்தார். கிழியவில்லை, பிடிப்புதான் என்று சொல்லி, ஓடவே கூடாது, நடந்தால் போகலாம் என்று விட்டார். மீதி நாலு கிலோமீட்டரையும் சின்னவள் நடந்தாள். இடப்பக்கத்துக்கு இடம் விட்டுத்தான் நடந்தாள். அவளைத் தாண்டிப் போனவர்களில் ஒரு தாத்தாவும் உண்டு, கோமாளித் தொப்பி வைத்த ஒருவரும் உண்டு. இரண்டு மணி நாற்பத்தாறு நிமிஷத்தில் கடைசிப் பாயை மிதித்தாள். வாழைப்பழம் கொடுத்தார்கள், மெடல் போட்டார்கள், குளிராமல் இருக்கப் போர்த்திவிட்டார்கள். வாசலில் கணவர் பிளாஸ்கோடு நின்றிருந்தார்.

"கொடிக்காரர் வந்து பதினஞ்சு நிமிஷமாச்சு. அவர்கிட்டக் கேட்டா, 'அடம் சார், சரியான அடம்'னுட்டுப் போறாரு. எனக்கு உசிரே போயிடுச்சு" என்றவர், அவள் நொண்டுவதைப் பார்த்து டீயை ஊற்றினார்.

பையிலிருந்து போனை எடுத்தாள். ஓட்டக் குழுவில் இருபத்திரண்டு செய்திகள். அக்காவிடமிருந்து ஒன்றுமில்லை. கணவருக்கும் ஒன்றும் வரவில்லை. அப்படியானால் தகவல் போனது அங்கேதான். டீ ஆறிக்கொண்டிருந்தது. "கோவத்துல போன அணைச்சு வச்சிருக்காளோ என்னவோ" என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து, குளித்து, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்த பிறகுதான் போன் அடித்தது. அக்கா மகன்.

"சித்தி, அம்மா பேசணுமாம். மாடிப்படியில இறங்கிட்டு இருக்காங்க, அதுக்குள்ள ஒண்ணு சொல்லிடறேன். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. நேத்து சாயங்காலம் அம்மாவுக்கு மெசேஜ் வந்துச்சு, நாளைக்கு ஆறு மணிக்கு உங்க ஓட்டக்காரர் கிளம்பறாருன்னு. இன்னிக்குக் காலையில அஞ்சரைக்கு எழுந்து பார்த்தா, அம்மா ஹால்ல லைட்டப் போட்டுக்கிட்டு, ஷூ போட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க. அந்தப் பழைய பச்சை ஷூ. என்னம்மான்னா, 'உன் வேலையப் பாரு'ங்கறாங்க. இந்தா, வந்துட்டாங்க."

போன் கை மாறியது. நலம் விசாரிப்பு எதுவும் இல்லை.

"பத்துலேருந்து பதினஞ்சு வரைக்கும் உன்ன நாய் துரத்துச்சா?"

சைரன். எட்டு மாதம் கழித்து, பழைய சத்தம். சின்னவள் தலையணையிலிருந்து காலை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"பேசு. ஆறேகால்ல ஓடியிருக்கே. பேப்பர்ல கணக்குப் போட்டுப் பாத்தேன். ஆறு வாரத்துல மாரத்தான வச்சுக்கிட்டு எவளாவது ஹாஃப்ல இப்படி ஓடுவாளா? அப்புறம் எந்தக் கால் பிடிச்சுது?"

"வலது கெண்டை. பிடிச்சுதுன்னு எப்படித் தெரியும்?"

"பதினஞ்சுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் உன்னக் காணோம், வேற என்ன நெனைக்கறது? தோள இறக்கியிருக்க மாட்டே."

"சொல்றதுக்கு ஆள் இல்லியேக்கா."

கணவர் தொலைக்காட்சியை அடியோடு அணைத்துவிட்டு எழுந்து பால்கனிக்குப் போனார்.

"வேணும்னுதானே என் நம்பர குடுத்தே?" அக்காவின் குரல் இறங்கியிருந்தது. "நேத்து மெசேஜ் பாத்ததும் அப்படித்தான் நெனைச்சேன். வாயால சொல்ல விடல, இப்படியாவது சொல்றாளேன்னு."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாம் சரியாகிவிடும். சின்னவளின் வாய் வரைக்கும் அந்த ஆமாம் வந்தது. ஏற்கெனவே ஒரு தரம் சொல்ல வேண்டியதைத் தள்ளிப் போட்டுத்தான் இத்தனை மாசம் போயிற்று.

"இல்லக்கா. பழைய நம்பர் அப்படியே இருந்துச்சு. பாக்காம அழுத்திட்டேன். அஞ்சு கிலோமீட்டர்லதான் எனக்கே தெரியும்."

"ஓ."

"ஆனா பத்துக்கு அப்புறம் ஓடினது உனக்குத்தான். நடந்து முடிச்சதும் உனக்குத்தான். மாரத்தான் மட்டும் உனக்காகன்னு சொல்ல மாட்டேன்க்கா. எனக்கே ஆசை. உன் முட்டி போன அந்த வாரத்துலயும் எனக்கு ஆசையா இருந்துச்சு. அத உன் முகத்தப் பாத்துச் சொல்ல முடியல."

அக்கா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "ஆசை இருக்காதாடி? அந்த ஆசைய உனக்கு மூட்டி விட்டவளே நான்தானே? நீ ஓடறதுல எனக்கென்ன கோவம்? ஒரு மெஷின் சொல்லித் தெரிஞ்சுக்கிட்டேனே, அதுதான். என் தங்கச்சி சொல்லல, ஒரு மெஷின் சொல்லுச்சு. அதுவும் வாழ்த்துகளாம்."

"தப்புதான்க்கா."

"தப்புதான்" என்றாள் அக்கா. பிறகு, "நான் சும்மா உக்காந்திருக்கல" என்றாள். "நீ ஓடின நேரம் பூரா நடந்தேன். ஹால்லேருந்து கிச்சன், கிச்சன்லேருந்து ஹால். அஞ்சு, பத்து எல்லாம் நல்லாத்தான் போச்சு. பதினஞ்சுக்கு அப்புறம் மெசேஜ் வரவே இல்லியா, உக்காரவும் முடியல. மொத்தம் நாலு கிலோமீட்டர் ஆயிடுச்சு. முட்டி வீங்கிக் கெடக்கு. உங்க டாக்டர்கிட்ட வத்தி வச்சுடாதே."

சின்னவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அழுதாள். நாலு கிலோமீட்டர். இவள் அந்தச் சாலையில் நொண்டி நடந்ததும் அதே நாலுதான்.

"அழுதது போதும். காலுக்கு ஐஸ் வச்சியா? வை. மாரத்தானுக்கு யார் நம்பர குடுத்திருக்கே?"

"அவர் நம்பர்."

"அவர் தூங்கிடுவாரு. மாத்து."

"ஓட்டத்தைப் பத்திப் பேசக் கூடாதுன்னு சொன்னியே?"

"பேசக் கூடாதுன்னுதானே சொன்னேன்? மெசேஜ் வரக் கூடாதுன்னா சொன்னேன்? மாத்துடி" என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்தாள்.

சின்னவள் பதிவுத் தாளைத் திறந்தாள். கணவர் நம்பரை அழித்தாள். அக்கா நம்பரைப் பார்க்காமல் போட்டு, போட்டதை மூன்று தரம் சரி பார்த்து, பொத்தானை அழுத்தினாள். எட்டு மாதத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வந்த அதே செய்தி, அதே வாழ்த்துகளோடு, இந்நேரம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். போனை மார்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். காத்திருக்கும்போது தோள் இரண்டும் காதைத் தொட்டுக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

டிங்.

"வந்துச்சு. தோள இறக்கு."